முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய நிண்டெண்டோ வீ உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? அதன் மென்பொருளில் கை வைக்குமுன் கருவியைக் கவிழ்த்துப் பாருங்கள். திரை சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

கிள்ளானில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் புலனத்தில் கேட்டான்: "மாமா, வீ இன்னும் 4.1லதான் இருக்கு. 4.3க்கு ஏத்திடவா?" வானொலியில் வேலை செய்பவனுக்கு ஒயர் உள்ள எல்லாமே அத்துப்படி என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நினைப்பு. பழுதான ரைஸ் குக்கரைக்கூட என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

அந்த வீ கைமாறி வந்தது. அமைப்புப் பக்கத்தின் மேல் மூலையில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் 'யு' என்றிருக்கும். அமெரிக்க மென்பொருள் என்று பொருள். ஆனால் கருவி பிறந்த ஊர், அடியில் ஒட்டியுள்ள வரிசை எண்ணின் முதல் எழுத்துகளில்தான் இருக்கிறது. அமெரிக்காவுக்கு 'எல்யு', ஜப்பானுக்கு 'எல்ஜே', கொரியாவுக்கு 'எல்கே'. அவன் அனுப்பிய படத்தில் 'எல்கே'.

ஒரு வட்டாரத்து வீ, வேறு வட்டாரத்து வட்டை ஏற்காது. அதனால் கொரியக் கருவியில் அமெரிக்க மென்பொருளை ஏற்றி விற்றவர்கள் உண்டு. விளையாடும்போது ஒரு குறையும் தெரியாது. வில்லங்கம் 2009இல் வந்த 4.2இல் தொடங்குகிறது. கொரியக் கருவிக்குள் கூடுதலாக ஒரு மறைச்சாவி இருக்கும். கொரிய மென்பொருள் அல்லாத கருவியில் அந்தச் சாவி கண்ணில் பட்டால், 4.2உம் அதற்குப் பின் வந்த 4.3உம் 'பிழை 003' என்று காட்டி அப்படியே நின்றுவிடும். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே திரைதான்.

போனால் போகட்டும் என்று விட முடியாது. அதற்குள் அப்பா இருக்கிறார். பேரன் செய்த 'மீ' உருவம்: வழுக்கை, வெள்ளை மீசை, தடித்த கண்ணாடி. பெயர் 'தாத்தா'. அப்பா தவறி நான்கு வருடமாகிறது. பிள்ளைகள் பேஸ்பால் ஆடினால் இன்னமும் அணியில் வந்து நிற்கிறார்.

"ஏத்தாதே ஐயா" என்றேன். "வட்டு போடும்போது புதுப்பிக்கவா என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல். சில வட்டுகளிலேயே புதுப்பிப்பு வரும். ரிமோட்டில் பத்து மீ வரை சேமிக்கலாம். முதலில் தாத்தாவை அதில் நகலெடு."

அன்றிரவே செய்துவிட்டான். வீ 4.1லேயே ஓடுகிறது. அந்த ரிமோட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்று அக்கா உத்தரவு போட்டிருக்கிறாராம்.