வன்னி வழியில் கேட்ட இரு பாட்டுக்கள்

வவுனியா நகரைக் கடந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர்க்கு, ஓமந்தையைத் தாண்டியதும் வன்னியின் உண்மை முகம் புலப்படத் தொடங்கும். இருமருங்கும் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு. காடு விலகுமிடத்தே ஒரு குளம். குளத்தின் கீழே வயல். வயலோரத்தே ஒரு சிறு கோயில். இந்நான்கும் ஒருங்கு சேர்ந்ததே வன்னிக் கிராமம்.

இந்நிலத்து மக்களுக்குக் கலை பெரும்பாலும் வயிற்றுப் பிழைப்பாக இருந்ததில்லை. பகலில் மண்வெட்டி பிடித்த கையே இரவில் மத்தளத்தைத் தட்டும். ஓய்வு நேரத்தின் பிள்ளையாகப் பிறக்கும் இத்தகைய கலை எத்துணைக் காலம் வாழும்? அதனை வாழவைப்பது யாது? வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை நாம் சென்ற ஒருநாட் பயணத்தில் இவ்வினாவே எம்முடன் கூட வந்தது.

முறிகண்டியில் ஒரு பாட்டு

மாங்குளத்துக்கு வடக்கே, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நில்லாமற் செல்லும் வாகனங்கள் மிகச் சில. சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார்; பிரயாணிகள் கைகூப்பிய பின் வறுத்த கச்சான் வாங்குவர். நாம் சென்ற வேளையில், கல்விச் சுற்றுலா வந்த மாணவர் நிரம்பிய பேருந்தொன்று அங்கே நின்றது. உள்ளிருந்த பிள்ளைகள் கைதட்டியும், இருக்கையின் முதுகைத் தட்டியும் "சின்ன மாமியே" என்ற பாட்டைப் பாடிக்கொண்டிருந்தனர். அப்பாட்டுப் பிறந்தபோது அவர்களுடைய பெற்றோரிற் பலர் பிறந்திருக்கமாட்டார்கள். பாடியவர் பெயரைக் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. "அது சும்மா எல்லாரும் பாடுற பாட்டு, ஐயா" என்றான் ஒரு மாணவன்.

அந்தப் பாட்டுக்கு உரியவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த அவர் விவசாயக் கல்வி பயின்றவர். முறிகண்டியைக் கடந்து கிளிநொச்சியை நெருங்கும்போது அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தைக் கண்டோம். அதற்குக் கிழக்கே, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பெற்ற இரணைமடுக் குளம் பரந்து கிடக்கிறது. மண்ணையும் பயிரையும் ஆராயும் கல்விக்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. அத்தகைய கல்வியைப் பயின்ற ஒருவரே, அதன் பக்கத்தில், கிற்றாரை மடியில் வைத்துத் தமிழுக்குப் புதியதோர் இசைவகையைத் தந்தார் என்பதை அவ்விடத்தில் நினைத்து வியந்தோம்.

1960களின் பிற்பகுதியில் இலங்கைத் தமிழரின் மெல்லிசை, இந்தியத் திரைப்பாடல்களின் நிழலிலேயே நின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் இத்தீவிற் கரையேறிய இசைமரபிலிருந்து பைலா என்னும் துள்ளலிசை சிங்கள மக்களிடையே வளர்ந்திருந்தது. அந்தத் தாளத்தை எடுத்து, அதில் ஊர்ப் பேச்சுத் தமிழை ஏற்றியதே பொப்பிசை. மாமியும் மாமியின் மகளும் கள்ளுக்கடையும் அதன் பொருளாயின. திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர் வந்தனர். நடிகருமான ஏ. ஈ. மனோகரன் "சுராங்கனி"யைத் தமிழ்நாடு வரை கொண்டுசென்று "சிலோன் மனோகர்" எனப் பெயர் பெற்றார். மேடைகளிலும் இலங்கை வானொலியிலும் இசைத்தட்டுக்களிலும் 1970கள் முழுவதும் அவ்விசை ஒலித்தது.

பின்னர் அது மெல்ல ஓய்ந்தது. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் வெளிநாட்டு ஒலிநாடாக்கள் கடைகளை நிறைத்தன. 1979இல் தொலைக்காட்சி வந்தது. 1983 ஆடியில் நிகழ்ந்த இன வன்செயலுக்குப் பின் கலைஞரும் இரசிகரும் திசைக்கொருவராகச் சிதறினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். மனோகரன் 2018இற் சென்னையிற் காலமானார். ஏறக்குறையப் பதினைந்தாண்டுகளே அவ்வியக்கத்தின் ஆயுள்.

திறமைக் குறைவே இதற்குக் காரணம் என எண்ணுதல் தவறாகும். 1969இல் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட் முதலிய பெருங்கலைஞர், தத்தம் பழைய குழுக்களை விட்டுவந்து "பிளைண்ட் பெய்த்" என்ற றொக் இசைக்குழுவை அமைத்தனர். ஒரேயோர் இசைத்தட்டு வெளியிட்டனர்; அந்த ஆண்டுக்குள்ளேயே பிரிந்தும் போயினர். திறமை அங்கே குறைவற இருந்தது. ஆயினும் குழுவைக் கட்டி நிறுத்தவேண்டிய வேறேதோ ஒன்று இல்லாமற் போயிற்று. அந்த வேறொன்றை நாம் முல்லைத்தீவிற் கண்டோம்.

வற்றாப்பளையில் மற்றொரு பாட்டு

பரந்தனிலிருந்து கிழக்கே திரும்பும் வீதி, விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியே முல்லைத்தீவை அடைகிறது. 2009ஆம் ஆண்டில் போரின் இறுதி மாதங்கள் கழிந்த நிலம் இது. முள்ளிவாய்க்காலைக் கடக்கையில் எமது வண்டியில் ஒருவரும் பேசவில்லை. வட்டுவாகற் பாலத்தின் இருபுறமும் நீர் அமைதியாகக் கிடந்தது.

முல்லைத்தீவு நகருக்கு மேற்கே, நந்திக்கடலின் கரையில் அமைந்துள்ளது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவென்றும், "பத்தாப்பளை"யே வற்றாப்பளை ஆயிற்றென்றும் ஊரார் கூறுவர். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர்க் கடல்நீரை எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கேற்றுவது இத்தலத்தின் மரபு.

இக்கண்ணகியின் கதையே இப்பகுதியின் கோவலன் கூத்து. முல்லைத்தீவுக்கே உரிய ஆட்ட முறையாதலால் முல்லைமோடி என அதனைச் சிறப்பித்துரைப்பர். மாசி, பங்குனியிற் காலபோக நெல் வீடு சேர்ந்தபின் வயலில் வேலை குறையும். அப்போது அண்ணாவியார் இளைஞரைக் கூட்டிப் பழக்கத் தொடங்குவார். பாட்டுக்கள் வாயாற் சொல்லப்பட்டு நெஞ்சிற் பதியும். மத்தளமும் தாளமும் துணையாகும். இரவிரவாக நடைபெறும் ஆட்டத்தில் பெண் வேடத்தையும் ஆடவரே தரிப்பது பழைய வழக்கம். விடிந்ததும் கோவலன் மாடு சாய்க்கப் போவான். பாண்டியன் உழவுக்குப் போவான்.

இதுவும் ஓய்வு நேரத்துக் கலைதான், இதற்கும் ஊதியமில்லை. ஆயினும் இடப்பெயர்வுகள் பலவற்றைக் கண்டும் இக்கூத்து மடிந்துவிடவில்லை. சனங்கள் மீளக் குடியேறியபின் பொங்கலும் மீண்டது. கூத்தும் மீண்டும் களரி கண்டது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? கூத்துக்கு ஒரு நாள் உண்டு. வைகாசி பிறந்தால் அது தானே கதவைத் தட்டும். அண்ணாவியார் மறைந்தாலும், அவரிடம் பழகியவரைத் தேடி ஊர் போகும். கூத்தாடுதல் நேர்த்தியாதலால் எவரும் இலேசிற் பின்வாங்கார். பொப்பிசைக்கோ மேடை இருந்தது, வானொலி இருந்தது, பெயர்பெற்ற பாடகர் இருந்தனர். ஆனால் ஆண்டுதோறும் அதனைத் திரும்ப அழைக்கும் நாளும், அடுத்தவருக்குப் பழக்கிவிடும் கடமையும் இருக்கவில்லை. மேடை கலைந்தபோது குழுவும் கலைந்தது.

எஞ்சியிருப்பது யாது?

ஆயினும் முறிகண்டிப் பேருந்தை மறந்து இம்முடிவைக் கூறுதல் நியாயமாகாது. குழுக்கள் போயின, பாட்டுப் போகவில்லை. எவருடைய ஏற்பாடுமின்றிச் சுற்றுலாப் பேருந்து அதற்கொரு களரியாயிற்று. மூத்த வகுப்பார் பாட இளைய வகுப்பார் கேட்டுப் பழகுகின்றனர். பாடியவர் பெயர் மறந்து, பாட்டு மாத்திரம் நாவில் நிற்கும்போது அது நாட்டார் பாடலின் நிலையை எட்டிவிடுகிறது. அது ஒரு பேறே. எனினும் உயிருடன் வாழும் கலைஞரின் பெயரையே இளந்தலைமுறை அறியாதிருத்தல் எமக்குப் பெருமை தருவதன்று.

வன்னியிலே வீடுகளோடு கொப்பிகளும் ஒலிநாடாக்களும் புகைப்படங்களும் அழிந்தன. ஆகவே இங்கே ஞாபகமே நூலகம். மாணவர்கள் தம் ஊர்ப் பெரியோரிடம் சென்று, கூத்தில் எவ்வேடம் கட்டினார், எவரிடம் பழகினார், இளமையில் எந்த மேடையில் எந்தப் பொப்பிசை கேட்டார் என வினவி எழுதிவைத்தல் வேண்டும். பாடசாலைகள் ஆண்டுக்கொரு மாலையை இப்பாட்டுக்களுக்கென ஒதுக்கி, ஆக்கியோர் பெயரைச் சொல்லிப் பாடுவித்தல் வேண்டும். கிற்றார் பழகும் பிள்ளையைப் பார்த்து, "படிப்பை விட்டு இது எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர், ஒரு விவசாய மாணவரின் ஓய்வு நேரமே தம் பிள்ளைகளின் பேருந்தை இன்றும் பாடவைக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

தெருவெல்லாம் குளங்கட்டி மழைநீரைத் தேக்கிவைத்த மக்கள் வன்னி மக்கள். நீரைத் தேக்கத் தெரிந்தவர்க்குப் பாட்டைத் தேக்குவது அரிதன்று.