கோதுமையும் பாலும் இல்லாத சமையல்



எங்கள் பட்டிப்பொலத் தோட்டங்களில் காலை ஆகாரம் என்றால் பெரும்பாலும் கோதுமை மா ரொட்டிதான். அடுத்த ரயில் நிலையமான அம்பேவெலவிலோ பெரிய பாற்பண்ணை. இப்படிப்பட்ட இடத்தில், என் மூத்த மகளுக்குக் கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது என்று டொக்டர் சொன்னார். இறைச்சி, மீன், முட்டையை அவள் ஏற்கெனவே விட்டவள். "பிள்ளை எதைத் தின்று வாழும்?" என்று என் மாமி கண்கலங்கினார்.

அவளுக்கு வந்தது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, றை தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலைப் பழுதாக்குகிறது. தின்பது உடம்பில் ஒட்டாது. ஒல்லாந்தில் 1944-45 பஞ்சத்தில் பாண் கிடைக்காதபோது, இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதை டொக்டர் டிக்கே கவனித்தார். இன்றும் உணவுக் கட்டுப்பாடே இதற்கு வைத்தியம்.

வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் பாதாம் மா அது இது என்று கேட்டிருந்தார்கள். அதற்கு நாம் எங்கே போவது? பிறகு உம்மாவின் சமையலை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அரிசிமா இடியப்பம், பிட்டு, தேங்காய்ப்பால் சொதி, பருப்பு, போஞ்சிக் கறி, இறைச்சி போடாத நோன்புக் கஞ்சி. எல்லாமே அவளுக்கு ஏற்றவை!

ரொட்டி கேட்டால் இப்படிச் செய்கிறேன். 2 கோப்பை குரக்கன் மா, 1 கோப்பை தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. கொதிநீர் விட்டுக் குழைக்க வேண்டும்; பச்சைத் தண்ணீரில் உடைந்துவிடும். எண்ணெய் தடவிய தாளில் தட்டி, மெல்லிய நெருப்பில் இருபுறமும் சுட்டெடுங்கள். கட்டைச் சம்பல் நல்ல சோடி.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. கடை இடியப்பத்திலும் அப்பத்திலும் கோதுமை மா கலப்பதுண்டு. ரவை கோதுமைதான். சோயா சோஸிலும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை இருக்கலாம். கல்லும் அரிதட்டும் அவளுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். மாமிச உணவும் பாலும் இல்லாதவர்களுக்கு பி12 விற்றமின் குறையும். டொக்டரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். பிள்ளைக்கு இந்நோயோ என்று சந்தேகித்தால், இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள், முடிவு பிழைத்துவிடும்.

ஒரு வேண்டுகோள். விருந்துக்கு வரும் இப்படியான பிள்ளையிடம், "ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். ஒரு சிறு துண்டும் அவளுக்குத் தீங்குதான். ஒரு பிடி சோறும் பருப்பும் தனிச்சட்டியில் எடுத்து வையுங்கள். அதுவே அவளுக்குப் பெரிய விருந்து.