படலையும் திடலும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒருவர் மற்றொருவர் வீட்டுக்குச் செல்லுமிடத்து நேரே உள்ளே நுழைந்துவிடுவதில்லை. படலையடியில் நின்று, "வீட்டுக்காரர், நாயைப் பிடியுங்கோ!" என்று குரல்கொடுப்பார். உள்ளிருந்து யாரேனும் ஒருவர், பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர், ஓடிவந்து நாயின் கழுத்துப்பட்டியைப் பற்றிக்கொள்வார். அல்லது அதனை மாமரத்தடிக்கு இழுத்துச் சென்று சங்கிலியிற் கட்டுவார். அதன் பின்னரே வந்தவர் வளவுக்குள் காலடி வைப்பார். அவர் கலியாணம் சொல்ல வந்தவராயினும் கடன் கேட்க வந்தவராயினும் தபாற்காரராயினும் இம்முறை மாறுவதில்லை.

இதனை எவரும் ஒரு பண்பாடு என்று பெயரிட்டுப் போற்றியதில்லை. ஆயினும் இதனுள் நுட்பமானதோர் ஏற்பாடு அமைந்திருக்கின்றது. அந்த நாய் கடிக்குமா, கடியாதா என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. பல்லெல்லாம் விழுந்த கிழட்டு நாயாயினும் அதனைப் பிடித்துக்கொள்வதே வழக்கம். வந்தவர் உள்ளத்தில் அச்சம் இருக்கலாம். அவ்வச்சத்தைப் போக்குவது நாயை உடையவரின் கடமை. நிலம் வீட்டுக்காரருடையது, நாயும் அவருடையது, இருந்தும் விட்டுக்கொடுப்பவர் அவரே.

கொழும்புக் காலிமுகத்திடல் எவருடைய வளவுமன்று. ஆள்பதியாயிருந்த சேர் ஹென்றி வாட் 1859ஆம் ஆண்டில் அதன் கடலோர நடைபாதையை நிறைவுசெய்தபோது, கொழும்பிலுள்ள பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின்வரும் ஆள்பதிகளின் பொறுப்பில் ஒப்படைப்பதாகக் கல்லிற் பொறித்து வைத்தார். அந்நியராட்சியாளர் விட்டுச்சென்ற கல்வெட்டுகள் பலவற்றுள் இன்றும் பொருள் குன்றாதது இஃதொன்றே என்று சொல்லத் தோன்றும். மாலைவேளையில் அங்கே பட்டம் விடுவோரும் இறால் வடை தின்போரும் குடையின் கீழ் ஒதுங்கியிருக்கும் காதலரும் கூடுவர். இந்நாட்டின் சகல இனத்தாரும் சகல வகுப்பினரும் கட்டணமின்றி ஒரே புற்றரையில் அமரக்கூடிய இடங்கள் பலவல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தையில் மகளோடு வசிப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தம் பேர்த்தியை அத்திடலுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பேர்த்திக்கு வயது 6. அந்தக் கல்வெட்டை அவளுக்கு ஒருமுறை பொருள் விளக்கிப் படித்துக் காட்டியுமிருந்தார். ஆசிரியத் தொழில் ஓய்வு பெற்றாலும் ஆசிரியர் ஓய்வு பெறுவதில்லை. ஒரு மாலை அவ்விருவரும் புற்றரையிற் சென்றுகொண்டிருந்தபோது, கட்டவிழ்த்துவிடப்பட்ட பெரிய அல்சேஷன் நாயொன்று எதிரே பாய்ந்து வந்தது. குழந்தை வீரிட்டு அம்மப்பாவின் வேட்டிக்குள் முகம் புதைத்தாள். நாய் இருவரையும் சுற்றிச்சுற்றி ஓடியது. முன்னங்கால்களைத் தூக்கிக் குழந்தையின் தோள்மீது வைத்தது. சற்றுத் தொலைவிலே, சங்கிலியைத் தம் கழுத்தில் மாலைபோற் போட்டுக்கொண்டு, உரிமையாளர் ஆறுதலாக நடந்து வந்தார்.

"தம்பி, நாயைப் பிடியுங்கோ!" ஆசிரியரின் வாயிலிருந்து வந்தது படலையடிக் குரலேதான்.

"பயப்பிடாதையுங்கோ ஐயா. அது ஒண்டும் செய்யாது," என்றார் அவர். பின்னர் குழந்தையைப் பார்த்து, "ஓடாதையுங்கோ பிள்ளை, ஓடினாத்தான் துரத்தும்," என்றும் அறிவுரை பகர்ந்தார். நாயை அவர் பிடித்தது அதன்பின்னரே. போகும்போது, "பிள்ளைக்கு நாயைப் பழக்கேல்லைப் போலை," என்று சொல்லிச் சென்றார். குரலிலே குறையிருந்தது, அது நாயைப் பற்றியதன்று.

கடியில்லை, காயமில்லை, சட்டையில் இரண்டு மண்ணடிகள் மாத்திரம். ஆசிரியரை வருத்தியது வேறொன்று. அந்த மனிதருடைய பேச்சு வடமராட்சிப் பேச்சு. சிறுவனாயிருந்த காலத்தில் படலையிற் குரல் கேட்டதும் ஓடிச்சென்று நாயைப் பிடித்த கைகளாகவே அவருடைய கைகள் இருந்திருக்கும். வளவுக்குள் தெரிந்திருந்த முறை திடலுக்கு வந்ததும் எங்கே போயிற்று?

"அது ஒன்றுஞ் செய்யாது" என்ற வாக்கியம் இந்நாட்டில் மும்மொழிகளிலும் வழங்குவது. அது பொய்யுமன்று. சொல்பவர் தம் நாயைக் குட்டியாயிருந்த நாள்முதல் அறிவார். அது தம் குழந்தைகளின் மடியிற் படுத்துறங்கியதைக் கண்டிருக்கிறார். அவ்வறிவு முழுவதும் அவரிடமே இருக்கின்றது. எதிரே நிற்பவரிடம் இருப்பதோ ஒரு கணநேரமும் பாய்ந்துவரும் பற்களும் மாத்திரமே. தம்முடைய பல்லாண்டு அனுபவத்தை அந்நியர் ஒரு கணத்தில் நம்பி ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதே அவ்வாக்கியத்தின் உட்கிடை. ஏற்காதவர் கோழையாகவோ விலங்குகளை வெறுப்பவராகவோ கணிக்கப்படுகிறார். நாய் செய்தது ஒன்றுமில்லையாயினும், அதன் உரிமையாளர் ஒன்று செய்துவிட்டார்: அச்சத்தைத் தம்மிடமிருந்து எடுத்து, அஞ்சியவர்மீதே குற்றமாகச் சாத்திவிட்டார்.

அச்சத்துக்கு இந்நாட்டிற் காரணமும் இல்லாமலில்லை. விசர்நாய்க்கடியால் விளையும் நீர்வெறுப்பு நோய் 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 உயிர்களைக் கொண்டது. தடுப்பூசி முயற்சிகளின் பயனாக அத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரை என்னும் அளவுக்கு இறங்கியிருப்பது பெருஞ் சாதனையே. எனினும் நோய்க்குறிகள் தோன்றியபின் மனிதர் உயிர் பிழைப்பது மிகமிக அரிது என்ற உண்மை மாறவில்லை. முன்னாளில் வயிற்றிலே நாள்தோறும் போடப்பட்ட ஊசிகளை நினைத்து இன்றும் முகஞ்சுளிக்கும் முதியோர் பலர் உளர். தடுப்பூசி போடப்பட்ட நாயென்று உரிமையாளர் கூறலாம். ஆனால் தடுப்பூசி அட்டையை எந்த நாயும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. நோய்க்குறி வெளிப்படுவதற்குச் சில நாள்கள் முன்பே நாயின் உமிழ்நீரில் வைரசு கலந்துவிடக்கூடும். ஆகவேதான் கடித்த நாயை இரு வாரங்களாவது கட்டிவைத்துக் கண்காணிக்குமாறு வைத்தியர்கள் கூறுகின்றனர். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்பவரிடம் முதலிற் கேட்கப்படும் வினா, "யாருடைய நாய்?" என்பதாகும். வளவிற் கடித்த நாய்க்கு விலாசம் உண்டு. திடலிற் கடித்த நாயின் உரிமையாளர் விலாசம் சொல்லாமற் சனத்திரளில் மறைந்துவிட்டாராயின், ஒரு சிறு கீறலைக்கூடக் கொடிய கடியாகக் கருதியே சிகிச்சை தொடங்கவேண்டியதாகிறது. நாயைப் பிடியாமல் விட்டதைக் கவனக்குறைவு என்று பொறுக்கலாம். கடித்தபின் பெயர் சொல்லாமற் போவதற்கு அச்சொல் போதாது.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. நீர்வெறுப்பு நோய் பற்றிய கட்டளைச்சட்டம் 1893ஆம் ஆண்டினது. நாய்களைப் பதிவுசெய்தல் பற்றியது 1901ஆம் ஆண்டினது. படலையிற் குரல்கொடுக்கும் வழக்கமோ எந்த ஏட்டிலும் பொறிக்கப்பட்டதன்று. அதனை மீறுவோரைத்தான் காண்பதரிது.

அச்சம் ஒன்றே காரணமென்பதுமில்லை. இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மரபின்படி, நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மைசெய்தல் வேண்டும். மஃரிப் தொழுகைக்குப் புறப்பட்ட ஒரு பெரியவரின் ஆடையில் ஈரமூக்கொன்று உராய்ந்துவிட்டால் அவருக்கு நேர்வது சிறு சங்கடமன்று, வீடு திரும்பவேண்டியதாகலாம். இதனை அறியாதார் அவர் விலகி நடப்பதைக் கண்டு நகைப்பர். அறிந்தாரும் சிலவேளைகளில் நகைப்பதுண்டு. பார்வையற்றோர், கைத்தடியூன்றி நடப்போர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு விளையாட்டாகப் பாயும் நாயும் ஒன்றே, வினையாகப் பாயும் நாயும் ஒன்றே. விழுந்தபின் நாயின் நோக்கத்தை ஆராய்ந்து என்ன பயன்?

இவ்வளவும் நாய்க்கு எதிரான வழக்கன்று. தமிழ் மரபு நாயை இழிவுக்கு உவமையாக்கியது போலவே அன்புக்கும் உவமையாக்கியிருக்கின்றது. எறிந்த வேல் உடலில் நிற்கவும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் நாயை, பாகனையே கொல்லும் யானைக்கு மேலாக வைத்துப் பேசுகின்றது நாலடியார். பாரதத்திலோ நாய்க்கு அதனினும் உயர்ந்த இடம். உடன்பிறந்தாரும் துரௌபதியும் வழியில் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்துபட, இறுதிவரை தருமனைப் பின்தொடர்ந்தது ஒரு நாயே. தேர்கொண்டு வந்த இந்திரன், நாயுடையார்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். நாய்களுக்கு அனுமதி மறுத்த பொதுவிடங்களின் வரிசையிலே தேவலோகமே முதலாவது என்று வேடிக்கையாகக் கூறலாம்.

தருமன் அவ்விடத்தில் நடந்துகொண்ட முறை ஊன்றி நோக்கற்பாலது. அவனுக்கு எளிய வழிகள் இரண்டிருந்தன. நாயைக் கைவிட்டு உள்ளே செல்லலாம். அல்லது, "அது ஒன்றுஞ் செய்யாது" என்று கூறி அதனையும் அழைத்துக்கொண்டு உள்ளே புகலாம். அவன் இரண்டையுஞ் செய்யவில்லை. அடைக்கலம் புகுந்ததை விடேன் என்றான். விடாமைக்காகத் தனக்குரிய இன்பத்தை இழந்து வெளியே நிற்கவும் துணிந்தான். நாயன்பின் விலையை அவன் தானே கொடுக்க முன்வந்தான்; உள்ளேயிருந்தோரிடமிருந்து அதனை அறவிட எண்ணவில்லை. இக்காலத்து நாயன்பர் சிலரோ அன்பைத் தாம் வைத்துக்கொண்டு, அதற்குரிய செலவை வழியிற் செல்வோர் பெயரில் எழுதிவிடுகின்றனர்.

அச்செலவிற் புற்றரையில் விடப்படும் மலமும் அடங்கும். இதுபற்றி விரித்துரைத்தல் சுவை தராது. நியூயோர்க் நகரில் 1978ஆம் ஆண்டு முதல் தம் நாயின் கழிவைத் தாமே அகற்றவேண்டுமென்பது சட்டமாயிற்று என்பதும், பட்டம் விடும் சிறுவர் வெறுங்காலுடன் ஓடுகின்றனர் என்பதும் போதும்.

பல்கலைக்கழகத்தாருக்கு இவ்விடயம் புறம்பானதென்று எண்ணுதற்கில்லை. விடுதிகளையும் சிற்றுண்டிச்சாலைகளையும் சுற்றி வாழும் நாய்களுக்கு உரிமையாளர் என்று ஒருவருமில்லை, ஊட்டுபவர் பலருண்டு. தெருநாய்களைக் கொன்றொழிக்கும் முறையை 2006ஆம் ஆண்டில் அரசு கைவிட்டபின், தடுப்பூசியும் கருத்தடையுமே வழியென ஏற்கப்பட்டுள்ளது, அது நல்லதே. ஆனால் சோற்றுப்பொதியின் மிச்சத்தை ஊட்டுவது மாத்திரம் அவ்வழியாகாது. ஊட்டும் மாணவருக்கு வாலாட்டும் நாய், நூலகத்திலிருந்து இரவிலே தனித்துவரும் மாணவியைத் துரத்துகிறது. விடியற்காலையில் வேலைக்கு வரும் துப்புரவுத் தொழிலாளியின் மிதிவண்டியை மறிக்கிறது. "அது எங்களை ஒன்றுஞ் செய்வதில்லையே" என்று விடுதியார் வியக்கின்றனர். வியப்பதற்கு என்ன இருக்கிறது? அந்நாய் அவர்களைத் தன் வீட்டுக்காரர் என எண்ணிவிட்டது. வீட்டுக்காரர் ஆனோர்க்குப் படலைக் கடமையும் உண்டு என்பதை நாய் அவர்களுக்குச் சொல்ல இயலாது. ஆண்டுக்கொருமுறை அவற்றுக்குத் தடுப்பூசி போடுவிக்க அவர்களுள் எத்தனைபேர் முன்வருவர் என்பதும் கேட்கத்தக்கது.

ஆசிரியரின் பேர்த்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வர மறுத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் மறுத்தாள். நாயோ இரு ஞாயிறுகளிலும் அங்கே வந்திருக்கும். பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதிக் கல்லிற் பொறித்துக் கொடுக்கப்பட்ட நிலத்திலிருந்து ஒரு குழந்தை ஓசையின்றி வெளியேற்றப்பட்டதை எவரும் அறியவில்லை. வெளியேற்றியவருக்கும் அது தெரியாது. அவர் தீயவருமல்லர். அவருடைய நாய் நன்றாக ஊட்டி, குளிப்பாட்டி, வாரிவிடப்பட்ட நாய் என்பதை ஆசிரியரே பின்னர் மகளிடம் ஒப்புக்கொண்டார்.

நான்காவது ஞாயிறன்று, பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்லி அவளை ஒருவாறு அழைத்து வந்தார். கடலோர நடைபாதையில் எதிரே ஓர் இளைஞன் கறுத்த நாயொன்றுடன் வந்துகொண்டிருந்தான். குழந்தையின் கை இறுகியதை ஆசிரியர் உணர்ந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவ்விளைஞன் வாரை இருமுறை கையிற் சுற்றிக் குறுக்கிக்கொண்டு, நடைபாதையிலிருந்து புற்றரைக்கு இறங்கி, நாயைத் தன் மறுபக்கத்தில் இருத்தினான். "சிங்கள அண்ணாவா?" என்று குழந்தை மெல்லக் கேட்டாள். ஆசிரியருக்குத் தெரியவில்லை, இளைஞன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் கடந்து செல்லும்வரை கழுத்துப்பட்டியைப் பிடித்தபடி குனிந்து நின்றான். குழந்தை அம்மப்பாவின் விரலை விடவில்லை; ஆனால் கடற்பக்கமாக ஒதுங்காமல் நேரே நடந்தாள். சிறிது தூரம் சென்றதும் திரும்பிப் பார்த்து, அந்த நாயின் பெயர் என்னவாயிருக்கும் என்று கேட்டாள்.