வளைந்த முதுகுக்கு எந்த ஆசனம்?

பத்திரிகைப் பணியில் காலத்தைக் கழித்த ஒருவன் விடுமுறை நாட்களில் தோட்ட மக்களுக்கு யோகாசனம் கற்பிக்கிறான் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "உடலை வருத்தி உழைப்பவர்களுக்கு யோகா எதற்கு? அது நாற்காலியில் அமர்ந்து தொந்தி வளர்த்தவர்களுக்கான மருந்தல்லவா?" என்று கேட்கிறார்கள். சிரிப்பை விட்டுவிடலாம். கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனெனில், என் மாணவியரில் மூத்தவரும் முதல் வகுப்பிலேயே இதைத்தான் கேட்டார்.

குருவிட்டப் பகுதியில் இறப்பரும் தேயிலையும் கலந்த தோட்டம் அது. பிள்ளை மடுவத்தில் பாய் விரித்து வகுப்பு நடத்துகிறோம். "நாங்க நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றவங்கதானே ஐயா, இதுல புதுசா என்னா இருக்கு?" என்றார் அவர். பல்லாண்டுகள் பால் வெட்டியவர்.

"எப்படிக் குனிவீங்க அக்கா, கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். எழுந்து, கையில் கத்தி இருப்பதாகப் பாவனை செய்து நின்றார். ஒரு தோள் முன்னே வந்தது. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. கழுத்து ஒரு பக்கம் திரும்பியது. பாவனை முடிந்து நிமிர்ந்த பின்னும் அந்தத் தோள் பின்னே போகவில்லை. கேள்விக்கான விடை அவருடைய உடலிலேயே இருந்தது.

இறப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது அதிகாலையில்தான். வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும். ஒருவருக்கு ஏறத்தாழ 300 மரங்கள் வரை பங்கு விழும். இளமரத்தில் முதல் வெட்டு நிலத்திலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் தொடங்கும். ஒவ்வொரு முறையும் மெல்லிய பட்டை சீவப்படுவதால் வெட்டுத்தடம் ஆண்டுக்காண்டு கீழே இறங்கும். தடம் இறங்க இறங்க, வெட்டுபவரும் குனிய வேண்டும். அதுவும் சரிவான நிலத்தில், நூற்றுக்கணக்கான தடவை, ஒரே பக்கமாக. தேயிலை மலையில் கதை வேறு. கூடையின் கயிறு தலையில் இருக்கும். கொழுந்து நிறைய நிறையக் கழுத்து முன்னே தள்ளும்.

உழைப்பு உடலை அசைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது ஒரே திசையில் அசைக்கிறது. யோகப் பயிற்சி அந்த உடலுக்கு மறுதிசையைக் காட்ட வேண்டும். குனிந்தே பழகிய முதுகுக்கு மேலும் குனியும் ஆசனத்தைக் கற்பிப்பதில் பொருளில்லை. ஆகவே இங்கே நாங்கள் தொடங்குவது தோளைப் பின்னே விரித்து, சுவரோடு முதுகைச் சாய்த்து, நீளமாக மூச்சை வெளியே விடுவதில்.

2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21ஆம் திகதியைச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனம் செய்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் அந்நாளில் பத்திரிகைகளுக்கு வரும் படங்களை நான் பார்த்திருக்கிறேன். வில்லாய் வளைந்த இளம் உடல்களே பெரும்பாலும் அவற்றில் இருக்கும். பதஞ்சலியின் யோக சூத்திரத்திலோ ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்று சூத்திரங்கள் மட்டுமே. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் அமைய வேண்டும், அதற்கு முயற்சி தளர வேண்டும் என்பது அவற்றின் சாரம். வளைவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

முயற்சி தளர்வதுதான் என் மாணவர்களுக்கு ஆகக் கடினமான பாடம். சவாசனத்தில் படுத்திருக்கும்போதும் பலருடைய விரல்கள் கத்தியின் பிடியைப் பற்றியவாறே மடங்கியிருக்கும். "கைய விடுங்க" என்றால் விடுவார்கள். சிறிது நேரத்தில் மீண்டும் மடங்கிவிடும். அந்தக் கை தானாக விரிவதற்குச் சிலருக்கு மாதங்கள் ஆயின.

விரிந்த பிறகு வேறொன்றும் நிகழ்ந்தது. முன்பெல்லாம் "மேலுக்கு முடியல" என்று மட்டும் சொல்லிவந்த ஒரு பெண், தோட்டத்து வைத்தியரிடம் போய், இடது இடுப்புக்குக் கீழே, குனிந்து எழும்போது மட்டும் வலிக்கிறது என்று சொன்னாராம். அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. வலி போய்விடவில்லை. வலிக்கு ஓர் இடமும் நேரமும் கிடைத்திருந்தன. எங்கே, எப்போது என்று கேட்பது என் தொழில் என்பதால், அதன் மதிப்பு எனக்கு உடனே புரிந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதுகுவலிக்கு யோகா இருக்கிறது என்று சொல்லி, வேலைப்பளுவையும் கூலியையும் மருந்தகத்தின் நிலையையும் பேசாமல் விடுவது அநியாயம். பொறுத்துக்கொள்ளக் கற்பிக்கும் யோகத்தை நான் கற்பிக்க மாட்டேன். தன் உடலைத் தானே கவனிக்கக் கற்ற ஒருவர், தனக்கு வேண்டியதைக் கேட்கவும் கற்றுக்கொள்கிறார் என்பது என் அனுபவம்.

யோகம் தோட்டத்துக்கு அந்நியமானது என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டலாம். ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் 1887இல் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தவர். குப்புசாமி என்ற பெயரில் மருத்துவராகவும், 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ இதழின் ஆசிரியராகவும் இருந்தவர். 1913இல் மலாயாவுக்குச் சென்று, இறப்பர்த் தோட்ட மருத்துவமனையில் நோயாளரைப் பராமரித்தார். 1923இல் திரும்பிய பின்னரே துறவு பூண்டார். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார்.

அவருடைய சீடர் சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். 1953இல் குரு அவரை இலங்கைக்கு அனுப்பினார். திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் பணியாற்றி, 1966 வரை இந்நாட்டில் வாழ்ந்தார். 1969 ஓகஸ்டில் அமெரிக்காவின் வூட்ஸ்டொக் இசை விழாவைத் தொடக்கி வைத்த காவியுடைத் துறவியை உலகம் அறியும். அதற்கு முன் அவர் நம் மலைநாட்டில் கழித்த ஆண்டுகளை நம்மவரே அதிகம் அறியவில்லை. அவரிடம் கற்ற மருத்துவர் டீன் ஓர்னிஷ், உணவுக் கட்டுப்பாடு, யோகம், தியானம் முதலானவற்றை இணைத்து இதய நோயாளரிடையே செய்த ஆய்வு 1990இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. தோட்ட மருத்துவமனையில் நோயாளரோடு இருந்தவரின் மரபு, இரண்டு தலைமுறையில் மீண்டும் நோயாளரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரும், 1976இல் அவர் பெயரால் யோக மந்திரத்தை நிறுவிய அவர் மகன் தேசிகாச்சாரும் வலியுறுத்தியதும் இதற்கு அணுக்கமானதே. ஆளுக்கு ஏற்ப ஆசனம் மாற வேண்டும். ஆசனத்துக்காக ஆளை முறிக்கக் கூடாது.

என் சொந்தப் பயிற்சி மிக எளியது. இரவுப் பணியில் பக்கங்களை முடித்து, ஊர் உறங்கும் வேளையில் வீடு திரும்பிய காலத்தில் தொடங்கியது. இப்போதும் விடியுமுன் அரை மணி நேரம். சில ஆசனங்கள், பிறகு மூச்சைக் கவனித்தபடி இருத்தல். அதில் எனக்கு எந்தச் சித்தியும் கிட்டவில்லை. ஆனால் ஒன்றை அறிவேன்: பயிற்சி ஒழுங்காக நடக்கும் வாரங்களில் வகுப்பில் நான் பேசுவது குறைகிறது, பார்ப்பது கூடுகிறது. யார் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார், யார் வலியை மறைத்துச் சிரிக்கிறார் என்பது கண்ணில் படுகிறது.

கற்பிப்பவருக்குத் தனிப்பயிற்சி எதற்கு என்று இளைய ஆசிரியர்கள் கேட்பதுண்டு. மாணவருக்குச் செய்து காட்டுவதற்காக அல்ல. நம்முடைய உடலின் அவசரத்தை முதலில் நாம் அடக்கினால்தான் எதிரே நிற்பவரின் உடல் சொல்வது காதில் விழும். பல ஆண்டுகள் பிறர் சொன்னதைக் கேட்டு எழுதிய எனக்கு, சொல்லாததைக் கேட்கக் கற்றுத்தந்தது அந்த அரை மணி நேரந்தான்.