கேட்கப்படாத வயது

35 வயது நிரம்பாதவருக்கு ஊர் வாரியத்தில் இடமில்லை என்கிறது உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும், நம் இல்லங்களில் 14 வயதின் குரலுக்கு இடமில்லை.

"எதுக்கு சாமி வாழணும்?" என்றான் ஒரு சிறுவன். மறையுரை ஆற்றினேன், மௌனமாகிப் போனான்.

சூரைச்செடியடியில் சாவை வேண்டிய எலியாவுக்கு வானதூதர் முதலில் அளித்தது அறிவுரையன்று. அப்பமும் நீரும் (1 அரசர் 19). அதை நினைந்து, மறுநாள் அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வெறுமனே கேட்டேன். நெடுநேரம் அழுதான், பிறகு பேசினான்.

அன்பர்களே, இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வும் உறக்கமின்மையும் விசுவாசக் குறைவல்ல. மருத்துவரை நாட வேண்டிய நோயாக இருக்கலாம். 14416 எனும் டெலி மானஸ் எண் இரவும் பகலும் இலவசமாய்ச் செவிசாய்க்கிறது. வாழ்வின் பொருளைப் பிறகு விளக்குவோம். முதலில் அருகில் அமர்வோம்.