பஞ்சுவுக்கு ஒரு பாய்

திருச்சி உறையூரில் இருக்கும் அந்த வீட்டின் செல்ல நாய் பஞ்சுவுக்கு வயது நான்கு, எடை ஆறு கிலோ. தெருவே 'பொமரேனியன்' என்று சொன்னாலும் அது இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊர் வீடுகளில் பொமரேனியன் என்ற பெயரில் வளர்பவை பெரும்பாலும் இந்த வகைதான். முழங்கால் உயரமே உள்ள நாய், இரண்டே முக்கால் அடி உயரச் சமையல் மேடையில் எப்படி ஏறுகிறது என்பது வெகுநாள் புதிராக இருந்தது. கடைசியில் பேரன்தான் கண்டுபிடித்தான். முதலில் பிளாஸ்டிக் ஸ்டூல், அடுத்து அரிசி டிரம், அதற்கு அடுத்து மேடை. மூன்றே படிகள்!

ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தார்கள். மகன் செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடித்து மிரட்டினார். மருமகள் மேடை விளிம்பில் காலி டப்பாக்களை அடுக்கினார். பேரன் தண்ணீர் ஸ்பிரேயுடன் காவல் நின்றான். எதுவும் நிலைக்கவில்லை. மகன் வீட்டில் இருக்கும்வரை பஞ்சு பரம சாது. அவர் பைக் தெருமுனை தாண்டியதும் மேடையில் நிற்கும்.

இதில் நாயின் திருட்டுப் புத்தி எதுவும் இல்லை. 'மேடையில் ஏறுவது தப்பு' என்று அது கற்றுக்கொள்ளவே இல்லை. 'இவர் இருக்கும்போது ஏறினால் ஆபத்து' என்பதைத்தான் கற்றுக்கொண்டது. மிரட்டலால் பழக்கம் போவதில்லை, நேரம்தான் மாறுகிறது. விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும், எந்த நாயானாலும் அடி, அதட்டல் இல்லாமல் வெகுமதி கொடுத்தே பழக்கச் சொல்கிறது.

பஞ்சுவின் சேட்டை வேடிக்கையாக இருந்தது ஆடிப்பெருக்கு வரைதான். அன்று சர்க்கரைப் பொங்கலுக்காக மேடையில் வைத்திருந்த உலர் திராட்சைக் கிண்ணம் காலியாகிக் கிடந்தது. "கொஞ்சம் திராட்சைதானே" என்றார் மகன். மருமகள் காத்திருக்கவில்லை. பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

அது நல்லதாகப் போயிற்று. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியவை. எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவும் கூடாது. சீக்கிரம் போனால், வாந்தி எடுக்க வைக்க மருத்துவர் மருந்து கொடுப்பார். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுப்பது தனி ஆபத்து. மேடையில் இருக்கும் மற்றவையும் லேசுப்பட்டவை அல்ல. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கலாம். அடுப்பின் சூடு, குக்கர் ஆவி, மேடையிலிருந்து குதித்தால் முறியும் மெல்லிய முன்னங்கால் என்று பட்டியல் இன்னும் நீளும்.

பஞ்சு பிழைத்தது. இரண்டு நாள் டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து அனுப்பும்போது மருத்துவர் ஒன்று கேட்டார். "மேடையில இருந்து இதுக்கு யார் கொடுக்கிறது?"

"யாரும் இல்ல டாக்டர்" என்றார் மகன். மருமகள் மாமியாரைப் பார்த்தார். பாட்டி புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார்.

தோசை ஊற்றும்போது ஓரத்து முறுவல், தேங்காய் துருவும்போது ஒரு சில், இட்லித் தட்டில் ஒட்டியது என்று பஞ்சுவுக்குப் பாட்டி தினமும் ஏதாவது கொடுப்பது வழக்கம். தினமும் என்றால் எல்லா நேரமும் அல்ல, மனசு இளகும்போது மட்டும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர், புறாக்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதனை செய்தவர். சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-ல் அவர் வெளியிட்ட நூல் முழுவதும் இந்த விஷயம்தான். ஒவ்வொரு தடவையும் கிடைத்த வெகுமதி நின்றுபோனால் பழக்கம் சீக்கிரம் விட்டுப்போகும். எப்போதாவது கிடைத்த வெகுமதி நின்றால் அவ்வளவு சுலபமாக விடாது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் மாதிரி, 'அடுத்த தடவை விழும்' என்று பஞ்சுவும் ஏறிக்கொண்டே இருந்தது.

"இனிமே அதுக்கு எதுவும் கொடுக்காதீங்க அத்தை. கிச்சனுக்கு ஒரு கதவு போட்டுடலாம்" என்றார் மருமகள்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள்லாம் எட்டரைக்குக் கிளம்பிடுறீங்க. உங்க மாமா இருந்தவரைக்கும் அந்த வாசப்படியில சேர் போட்டு உட்கார்ந்து பூண்டு உரிச்சுக்கிட்டே பேசுவாரு. இப்ப இதுதான் வருது. அதையும் கதவு போட்டு விரட்டிட்டா நான் யார்கிட்டம்மா பேசுறது?" என்றார்.

தாத்தா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கதவு பற்றிய பேச்சு அதோடு நின்றது.

நாயும் பிழைக்க வேண்டும், பாட்டிக்குத் துணையும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மருத்துவர் சொன்ன வழி ஒரு பாய். 'ஏறாதே' என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, 'இங்கே உட்கார்' என்று ஓர் இடத்தைக் காட்டுவது நாய்க்கு எளிதில் புரியும்.

முதல் வேலையாக ஸ்டூலும் அரிசி டிரம்மும் இடம் மாறின. மேடை எப்போதும் துடைத்துக் காலியாக இருந்தது. ஏறினாலும் ஒன்றும் கிடைக்காது. பிறகு, தாத்தாவின் நாற்காலி இருந்த வாசப்படி ஓரத்தில் ஒரு கோரைப்பாய்த் துண்டு விரிக்கப்பட்டது. பஞ்சு அதில் கால் வைத்ததும் பாட்டி "சபாஷ்" என்பார். கொண்டைக்கடலை அளவு வேகவைத்த கேரட் பாயில் விழும். நாலு காலும் பாயில் இருந்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று, படுத்தால் இன்னொன்று. அடுத்து மூன்று விநாடி, பத்து விநாடி, பாட்டி ஒரு வெங்காயம் நறுக்கி முடிக்கும் நேரம் என்று காத்திருப்பு கூடியது. பாயில் இருந்தால் கிடைக்கும். மேடையருகே கெஞ்சினால் கிடைக்காது. இந்த விதி வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான். பேச்சில்லாமல், திட்டில்லாமல், ஏறினால் இறக்கிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

நான்காம் நாள் பஞ்சு முன்னைவிட மோசமானது. மேடையைப் பார்த்து ஓயாமல் குரைத்தது, எகிறிக் குதித்தது. "கெட்டுப்போச்சு பாரு" என்றார் மகன். உண்மையில் அது நல்ல அறிகுறி. வழக்கமாகக் கிடைத்தது நின்றுபோனால், விடுவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போய்ப் பார்க்கும் குணம் விலங்குகளுக்கு உண்டு. அந்த நேரத்தில் மனமிரங்கி ஒரு துண்டு கொடுத்தால், 'இவ்வளவு கத்தினால் கிடைக்கும்' என்ற புதுப்பாடம் படிந்துவிடும். பாட்டி கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாராம், மருமகள் பார்த்திருக்கிறார். கண் கலங்கியது வெங்காயத்தால் என்றார் பாட்டி.

இரண்டு மாதத்தில் பஞ்சு தானாகவே பாய்க்கு வரத் தொடங்கியது. குக்கர் விசில் சத்தம் கேட்டாலே ஓடிவந்து படுத்துக்கொள்ளும். பாட்டி பேசுவார், அது காதை ஆட்டிக்கொண்டு கேட்கும். கேரட் தினமும் தரும் சாப்பாட்டுக் கணக்கில் கழிந்துவிடுவதால் எடையும் ஏறவில்லை.

நாய் திருந்திவிட்டதா? யாராவது மறந்துபோய் ஸ்டூலை மேடையருகே போட்டால் இன்றும் ஒரு பார்வை பார்க்கத்தான் செய்கிறது. ஆகவே ஸ்டூல் அங்கே போவதில்லை. போன வாரம் இரவு, தாமதமாக வந்த மகன் மேடையில் சாய்ந்தபடி தோசை தின்றுகொண்டே ஒரு துண்டைக் கீழே நீட்டினார்.

ஹாலிலிருந்து குரல் வந்தது: "டேய், பாயில போடு!"