பாளையங்கோட்டையில் 184 குதிரைகள்

நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் வந்து இறங்கி, ஜங்ஷன் வாசலில் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் தங்கச்சி மாப்பிள்ளை வந்துவிட்டார். வழக்கமாக ஸ்கூட்டரில் வருகிற மனுஷன், அன்றைக்குக் கறுப்பு பென்ஸில் வந்தார்!

பதறாதீர்கள். லாட்டரி எதுவும் விழவில்லை. (அதைத்தான் 2003லேயே தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்களே!) 2010ல் ரிஜிஸ்டர் ஆகி, மூன்று கை மாறி வந்த மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரஸர் அது. புதுசாக இருந்தபோது ஏக்கத்தோடு பார்க்க மட்டுமே முடிந்த வண்டி, இப்போது ஒரு புதுச் சின்னக் காரைவிட மலிவு. பி.காம். படித்தவனுக்கு இதன் பெயர் தெரியும். தேய்மானம்.

"ஏறுங்க மச்சான். 1,796 சி.சி., 184 குதிரை. சூப்பர்சார்ஜர் வச்ச வண்டி. ஆனா காணாது" என்றார்.

"எது காணாது?"

"குதிரை!"

விஷயம் இதுதான். கோவையில் ஒருவர் வண்டியை 'கஸ்டம் ட்யூன்' செய்து தருகிறாராம். இன்னும் முப்பது குதிரை ஏறுமாம். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். குதிரை ஒன்று 4,667 ரூபாய் என்று என் மூளை தானாக வகுத்துக்கொண்டது. செய்யலாமா, வேண்டாமா என்று முடிவு சொல்லத்தான் எனக்கு இந்த ராஜ மரியாதை.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால் விழிக்காதீர்கள். பாட்டி விறகடுப்பை ஊதின ஊதாங்குழலை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று கூடினால் தீ எழும். இன்ஜினுக்குள் அப்படிக் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாதனம்தான் அது. டர்போ என்பது வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றும். சூப்பர்சார்ஜரோ இன்ஜினிலிருந்தே ஒரு பெல்ட் போட்டுச் சுற்றுவது. அதனால் மிதித்த உடனே பதில் வரும். பெர்லின் கண்காட்சியில் 1921லேயே இப்படிப்பட்ட கார்களை மெர்சிடிஸ் காட்டிவிட்டது. பாளையங்கோட்டைக்கு வந்து சேர நூறு வருஷம் ஆகியிருக்கிறது!

வண்டி கிளம்பியது. கொக்கிரகுளத்தில் தாமிரபரணியைத் தாண்டினோம். 1843ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்த பாலம். மாட்டு வண்டிக் காலத்துப் பாலத்தின் மேல் 184 குதிரைகள். வேகம்? மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். முன்னால் ஒரு மினி பஸ், அதற்கும் முன்னால் கரும்புக் கட்டு ஏற்றிய லோடு ஆட்டோ. வண்ணார்பேட்டையில் இருபது. முருகன்குறிச்சியில் பூஜ்யம்.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். 1878ல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ், 1923ல் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸ் என்று பட்டியல் போகும். காலை எட்டரை மணிக்கு அத்தனை பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும் சைக்கிளிலும் ஆட்டோவிலும் ரோட்டில்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே கார் ஓட்டத் தேவை குதிரைத் திறன் அல்ல, ஆமையின் பொறுமை.

வீட்டில் தங்கச்சி இட்லியோடு புகாரும் பரிமாறினாள். "அண்ணே, அந்த ஒண்ணே முக்கா லட்சம் பிள்ளைக்கு ஜூன் மாசம் பீஸ் கட்ட வச்சிருந்தது. காருக்கு மருந்து வாங்கப் போறேங்காரு. நீயே கேளு." மாப்பிள்ளை இட்லியில் மட்டும் கவனமாக இருந்தார்.

நான் கேட்கவில்லை. அவர் கண்ணில் இருந்தது எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயதில் காலையில் பாங்க், மாலையில் மார்க்கெட், நடுவில் லோன் தவணை என்று ஓடுகிறவனுக்கு, முதுகு சீட்டோடு ஒட்டுகிற அந்த மூன்று விநாடி ஒரு விடுதலை. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. காலேஜில் படித்தபோது இரவல் ஆர்.எக்ஸ்.100ல் நானும் அதே மூன்று விநாடியைத் தேடியவன்தானே!

அதனால் ஒரு சோதனை ஓட்டம் போகலாம் என்றேன். சாயங்காலம் கே.டி.சி. நகர் வழியாக நாற்கரச் சாலை ஏறி, ரெட்டியார்பட்டி தாண்டி, நாங்குநேரி திசையில் விட்டார். காலியான ரோடு. காற்றாலைகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மிதித்தார். மெல்லிய சீழ்க்கைச் சத்தம் எழுந்தது. எழுபது, எண்பது, நூறு...

அப்போதுதான் நடுத்தடுப்பின் இடைவெளியில் ஒரு பைக் எட்டிப் பார்த்தது. புருஷன், பெண்டாட்டி, டேங்க்கின் மேல் ஒரு குழந்தை. எங்களைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் குறுக்கே வந்தார்கள்!

மாப்பிள்ளை பிரேக்கின் மேல் ஏறி நின்றார். பெடல் தடதடவென்று அடித்தது. வண்டி நிற்கிறது, நிற்கிறது, இன்னும் நின்றுகொண்டே இருக்கிறது... கடைசியில் நின்றபோது அந்தக் குழந்தையின் வளையல் நிறம் தெரிந்தது. பச்சை.

பைக்காரர் "பாத்து வரக்கூடாதா வேய்?" என்று எங்களையே திட்டிவிட்டுப் போனார். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசவில்லை.

மறுநாள் சமாதானபுரம் பக்கம் மாப்பிள்ளைக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து டயரைத்தான் பார்த்தார்.

"இதுல கடைசியா நாலு நம்பர் போட்டிருக்கு பாருங்க. 2316. என்ன அர்த்தம்? 2016ம் வருசம் இருபத்து மூணாவது வாரம் செஞ்ச டயரு. பட்டன் தேயல, சரி. ஆனா ரப்பர் கல்லாயிட்டு. இத வச்சுக்கிட்டா இன்னும் முப்பது குதிர கேக்கீய?"

பிறகுதான் பானெட். காற்றுக் குழாய்க்குள் ஒரு மெஷினால் புகையை ஏற்றினார். இரண்டு நிமிஷத்தில், ஒரு ரப்பர் வளைவின் அடியிலிருந்து ஊதுபத்தி மாதிரி புகை கசிந்தது. பதினைந்து வருஷ ரப்பர். யாரையும் குறை சொல்ல முடியாது.

"சூப்பர்சார்ஜர் கஷ்டப்பட்டு அமுக்குத காத்து இங்கன வெளிய போவுது. பெல்ட்டும் தளந்திருக்கு. ஒங்க வண்டியில இப்ப நூத்தி எம்பத்தி நாலு குதிர கெடையாது தம்பி. பாதி லாயத்துல படுத்துக் கெடக்கு. உள்ளதையே எழுப்பாம, புதுசா எதுக்கு வாங்குதீய?"

மாப்பிள்ளை விடவில்லை. "அதையெல்லாம் சரி பண்ணிட்டு ட்யூன் பண்ணினா?"

அண்ணாச்சி நிதானமாக விளக்கினார். இந்த வண்டியில் ட்யூனிங் என்றால் முக்கியமாக இரண்டு வேலை. சூப்பர்சார்ஜரின் கப்பியைச் சின்னதாக்கினால் அது இன்னும் வேகமாகச் சுற்றி, கூடுதல் காற்றைத் தள்ளும். அதற்கேற்ப பெட்ரோல் அளவையும், பொறி விழுகிற நேரத்தையும் இன்ஜின் கம்ப்யூட்டரில் மாற்றி எழுத வேண்டும். ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும். சித்திரை மாத பாளை வெயிலில், கொதிக்கிற காற்றை இன்னும் அமுக்கினால், பெட்ரோல் நேரம் காலம் இல்லாமல் வெடிக்கும். அதுதான் நாக்கிங். அதைத் தடுக்க கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். இல்லையென்றால் ஆக்டேன் கூடின பெட்ரோல் வேண்டும். 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020ல் சில நகரங்களில் கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் டேங்க் நிரப்ப அதைத் தேடி அலைய முடியுமா?

"அல்வா கிண்டுதவன் அவசரப்பட்டு அடுப்ப ஏத்தினா என்னாவும்? அடிப்பிடிக்கும். அம்புட்டுதான்!"

என் பங்குக்கு நான் சட்டத்தை எடுத்தேன். கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மாப்பிள்ளை வண்டிக்கோ பதினைந்து வருஷம் முடிய நாலு மாதம்தான் பாக்கி. ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றிவிட்டு நாளைக்கு ஒரு விபத்து என்றால், கிளெய்ம் கிடைக்காமலே போகலாம். ஐந்தொகையில் வரவுப் பக்கம் முப்பது குதிரை. செலவுப் பக்கம் இடமே போதவில்லை.

ட்யூனிங்கே தப்பு என்று சொல்லவில்லை ஸார். அதற்கென்று இடம் இருக்கிறது. நம் மாநிலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் விட்ட காலத்திலிருந்து இன்ஜினைக் கடைந்தவர்கள் உண்டு. கோவையின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்தவர். 1995ல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, செட்டிப்பாளையத்தில் அவர் பெயரில் டிராக் வந்தது. அதே கோவையிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அங்கெல்லாம் எதிரே வண்டி வராது. டேங்க்கின் மேல் பச்சை வளையல் குழந்தையும் வராது.

மாப்பிள்ளை அன்று ராத்திரி பேசாமலே சாப்பிட்டார். காலையில் அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்தார். நாலு புது டயர், ரப்பர் குழாய், பெல்ட், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்ட்டர், பிரேக் ஆயில். மொத்தம் ஐம்பத்திரண்டாயிரம். மிச்சம் தங்கச்சியின் பீரோவுக்கே திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பாபநாசம் கிளம்பினோம். மேலப்பாளையம், முன்னீர்ப்பள்ளம், பாய்க்குப் பேர்போன பத்தமடை, சேரன்மகாதேவி, அப்பளத்துக்குக் கல்லிடைக்குறிச்சி, அப்புறம் அம்பை. இரண்டு பக்கமும் வயல், எதிரே நீலமாக மலை. வீரவநல்லூர் தாண்டி ஒரு டிராக்டரை முந்த மாப்பிள்ளை மிதித்தார். வண்டி திணறவே இல்லை. சரக்கென்று எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மூன்று விநாடி!

பாபநாசத்தில் படித்துறையில் இறங்கி முங்கி எழுந்தோம். துவட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கோவைக்காரர். அட்வான்ஸ் எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருப்பார் போல.

மாப்பிள்ளை தலையைத் துவட்டியபடியே சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்கண்ணே. இருக்க நூத்தி எம்பத்தி நாலையே இப்பதான் எண்ண ஆரம்பிச்சிருக்கேன்!"